பேஸ்புக் போதுமா, பிளொக்கரா, வேர்ட்பிரஸா? மட்டக்களப்பு, அம்பாறைச் சிறுதொழில்களுக்கு ஓர் ஒப்பீடு

பொத்துவிலில் மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகிறவர், மருதமுனையில் தறி வைத்துச் சாரி நெய்யும் குடும்பம், கல்லடியில் கேக் செய்து கொடுக்கும் அக்கா, எல்லோரும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். பேஸ்புக் பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப் இலக்கம் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு இணையத்தளம் வேண்டுமா? வேண்டுமென்றால் எதில் செய்வது? கூகுளில் மேலே வர எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. கூகுளின் சாதாரணத் தேடல் முடிவுகளில் இடம் தருவதற்கு அந்த நிறுவனம் பணம் வாங்குவதில்லை. விளம்பரம் என்ற குறியோடு வருபவற்றுக்கு மட்டும்தான் பணம். "ஒரே மாதத்தில் முதலாவது இடம்" என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அப்படிச் சொல்லி மாதக் கட்டணம் கேட்பவரிடம் அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடலாம்.

மற்ற இரண்டும் யோசிக்க வேண்டிய கேள்விகள். என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சொந்தப் பெயரில் பதிந்த ஒரு டொமைன், அதாவது இணையத்தள முகவரி, அதன் பின்னால் கூகுளின் இலவசத் தளக் கருவியான பிளொக்கர், கூடவே கூகுள் மெப்பில் ஒழுங்கான ஒரு பதிவு, இவ்வளவும் போதும். இணையத்தளம் கட்டும் இன்னொரு கருவியான வேர்ட்பிரஸ் இதைவிடப் பலமானதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து கவனிக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

பேஸ்புக்கோடு நிற்கலாமா?

நமது ஊர்ச் சனம் இருப்பது பேஸ்புக்கில்தான். காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ கடை வைத்து, சுற்றியுள்ள ஊர்களுக்கே விற்பவர் அதோடு நிற்கலாம். இணையத்தளத்துக்குச் செலவழிக்கும் நேரத்தைக் கடைக்குக் கொடுப்பது நல்லது.

வாங்க வருபவர் உங்களை இன்னும் அறியாதவர் என்றால் நிலைமை வேறு. கொழும்பிலோ லண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் ஒருவர் "பாசிக்குடாவில் குடும்பத்தோடு தங்க வீடு" என்று தேடும்போது உங்கள் பேஸ்புக் பதிவு அவர் கண்ணில் படுவது அரிது. பதிவு சில நாளில் கீழே போய்விடுகிறது. கணக்கு இல்லாதவர் பலவற்றைத் திறக்கவும் முடியாது. போதாக்குறைக்கு விலை, வழி, அறை வசதி எல்லாவற்றையும் ஒரே போஸ்டர் படத்துக்குள் எழுதிப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பார்க்க அழகுதான், ஆனால் படத்துக்குள் கிடக்கும் எழுத்தை நம்பித் தேடலில் இடம் பிடிக்க முடியாது.

இந்த நாட்டுக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போது, 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் தாக்கப்பட்ட உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மீண்டும் 2022 ஏப்ரல் 3 அன்று, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் இலங்கையில் முடக்கப்பட்டன. தடை சமூக வலைத்தளங்களுக்கும் செய்திச் செயலிகளுக்கும்தான். சாதாரண இணையத்தளங்களுக்கு அல்ல. அறை பதிந்துவிட்டு, "நிலைமை எப்படி, வரலாமா?" என்று விசாரிக்க நினைக்கும் விருந்தினருக்கு ஒரு தொலைபேசி இலக்கத்தையாவது காட்ட இன்னோர் இடம் தேவை என்பது அந்த நாட்களில் தெளிவானது.

இணையத்தளத்துக்கு முன் மெப்

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் முதல் வேலை கூகுள் மெப்பில் தொழிலைப் பதிவுசெய்வது. செலவில்லை. அறுகம்பையில் நடந்துகொண்டே "பக்கத்தில் சாப்பாட்டுக் கடை" என்று போனில் தேடுபவருக்கு மெப் பதிவுகள்தான் முதலில் வருகின்றன. பெயரைப் பலகையில் உள்ளபடியே கொடுங்கள். "மலிவான சிறந்த அறைகள் பொத்துவில்" என்று பெயருக்குப் பின்னால் ஒட்டுவது விதிக்கு மாறானது, பதிவே இடைநிறுத்தப்படலாம். மெப்பில் இடத்தைக் காட்டும் ஊசி சரியான ஒழுங்கையில் நிற்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள், ஏனென்றால் முச்சக்கர வண்டிக்காரர் அதைப் பார்த்துத்தான் வருவார். விருந்தினர் எழுதும் கருத்துகளுக்கு, குறை சொன்னவருக்கும் சேர்த்து, மரியாதையாகப் பதில் போடுங்கள்.

மெப் பதிவோடு ஒரு சிறு இணையத்தளத்தையும் கூகுள் முன்பு இலவசமாகத் தந்தது. பலர் அதையே தங்கள் முகவரி என்று அட்டையில் அச்சடித்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தத் தளங்களை நிறுத்திவிட்டது. இலவசக் கருவியைப் பாவிப்பதில் தவறில்லை, ஆனால் அட்டையில் அச்சடிக்கும் முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும். கருவி நின்றுபோனால் அதே முகவரியை இன்னொரு கருவிக்குத் திருப்பிவிடலாம். ஒரு டொமைனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 டொலர்தான் செலவு. இந்தக் கட்டுரையில் நான் கட்டாயம் என்று சொல்லும் ஒரே செலவு அது.

டொமைனை யார் பெயரில் பதிவது என்பது அதைவிட முக்கியம். நம்மூரில் வழக்கமாக நடப்பது தெரிந்ததுதானே. கம்பியூட்டர் தெரிந்த ஒரு தம்பி தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து, தன் பெயரிலேயே டொமைனையும் வாங்கி, எல்லாவற்றையும் செய்து தருகிறார். பிறகு அவர் கட்டாருக்குப் போகிறார். பாஸ்வேர்ட்டும் அவரோடு போகிறது. அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் அவருக்குத்தான் வரும். தம்பியில் பிழையில்லை, யாரும் அவரிடம் முன்கூட்டியே கேட்கவில்லை. தொழிலுக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்து, டொமைன், பிளொக்கர், மெப் மூன்றையும் அதிலேயே பதிந்து, பாஸ்வேர்ட்டை வீட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

பிளொக்கரும் வேர்ட்பிரஸும்

பிளொக்கர் 1999இல் தொடங்கியது, 2003இல் கூகுள் அதை வாங்கியது. வேர்ட்பிரஸ் வெளிவந்ததும் அதே 2003இல்தான். இருபது வருடம் தாண்டிய கருவிகள் என்பதால் எந்தச் சந்தேகத்துக்கும் தேடினால் விடை கிடைக்கும்.

பிளொக்கரில் இடவாடகை இல்லை. சொந்த டொமைனை இணைக்கவும், முகவரியை https என்று தொடங்கவைக்கும் பாதுகாப்புக்கும் கட்டணம் இல்லை. புதுப்பித்தல், காப்புப் பிரதி, ஊடுருவல் என்று பயப்பட வேண்டியவற்றைக் கூகுள் தன் பக்கத்தில் பார்த்துக்கொள்கிறது. ஆறு மாதம் திறந்து பாராமல் விட்டாலும் எழுதியது எழுதியபடி நிற்கும். குறைகளும் உண்டு. வடிவமைப்புகள் பழையவை. கடை வைக்க, நாள் பார்த்து அறை பதிய உள்ளேயே வசதி இல்லை. தமிழும் ஆங்கிலமும் இரண்டு தனிப் பிரிவாக நடத்த வேண்டுமென்றால் சிரமம். புதிய வசதிகளைச் சேர்ப்பதில் கூகுள் அவ்வளவு அக்கறை காட்டுவதும் இல்லை.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு விடயங்கள் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். ஒன்று, ஒரு நிறுவனம் தன் தளத்திலேயே நடத்தித் தரும் சேவை. அதன் இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் இணைக்க முடியாது, பிளகின் என்ற கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்களைப் போட முடியாது, அவர்களுடைய விளம்பரமும் வரும். மற்றது, யாரும் இலவசமாக இறக்கித் தாங்கள் வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தை வைக்கும் சேர்வர் இடத்தில், நிறுவும் மென்பொருள். "வேர்ட்பிரஸில் செய்து தருகிறோம்" என்று இங்கே சொல்பவர்கள் பெரும்பாலும் குறிப்பது இதைத்தான். இதில் எதையும் செய்யலாம். கடை, முற்பதிவு, மூன்று மொழி, விரும்பிய வடிவம், எல்லாவற்றுக்கும் பிளகின் உண்டு.

அந்தச் சுதந்திரத்துக்கு இரண்டு விலை இருக்கிறது. முதலாவது ஹோஸ்டிங் வாடகை. முதல் வருடம் மலிவு, புதுப்பிக்கும்போது பல மடங்கு என்பது அந்த வியாபாரத்தின் வழக்கம். கணக்கும் பெரும்பாலும் டொலரில். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியது நமக்கு மறக்காது. வாடகை ஒரு சதமும் கூடாமலே ரூபாக் கணக்கில் முக்கால் பங்குக்கு மேல் கூடியது. டொமைனுக்கும் அதே கதிதான், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து டொலர் என்பதால் தாங்கலாம்.

இரண்டாவது விலை கவனிப்பு. மென்பொருள், வடிவமைப்பு, ஒவ்வொரு பிளகின், இவை எல்லாவற்றையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தளங்களுக்குள் ஊடுருவுபவர்கள் அதிகம் நுழைவது பழசாகிப்போன பிளகின்களின் ஓட்டைகளால்தான். கைவிடப்பட்ட தளத்துக்குள் சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கும். உரிமையாளர் முகப்பைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஆனால் தேடலில் அவருடைய கடைப் பெயருக்குக் கீழே அந்தக் குப்பை வரும். கட்டாருக்குப் போன தம்பியின் கதையை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆள் இல்லாத பிளொக்கர் பழசாகும், அவ்வளவுதான். ஆள் இல்லாத வேர்ட்பிரஸ் தொழிலின் பெயரைக் கெடுக்கும்.

விக்ஸ் போன்ற இழுத்துப் போட்டுக் கட்டும் சேவைகளையும் சிலர் கேட்கிறார்கள். கைக்கு இலகு, பார்வைக்கு அழகு. இலவசத் திட்டத்தில் சொந்த டொமைன் இல்லை, மாதக் கட்டணம் டொலரில், வெளியேற நினைத்தால் தளத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகும் வழியும் இல்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேடலில் எது மேலே வரும்?

வேர்ட்பிரஸ் என்றால் கூகுளுக்குப் பிடிக்கும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. கூகுள் கருவி பார்த்து வரிசை போடுவதில்லை. பக்கத்தை வாசிக்க முடிகிறதா, போனில் ஒழுங்காகத் திறக்கிறதா, தேடியவருக்கு விடை அதில் இருக்கிறதா என்பவைதான் கணக்கு. வேர்ட்பிரஸின் பிரபல தேடல் பிளகின்கள் தருவது தலைப்பு, விளக்கம், சைட்மெப் (தேடுபொறிக்கான பக்கப் பட்டியல்) போன்றவற்றுக்கான பெட்டிகளை. பிளொக்கரில் சைட்மெப் தானாகவே உருவாகும். தேடல் விளக்கப் பெட்டியை அமைப்புகளுக்குள் போய் ஒருமுறை இயக்கிவிட்டால் ஒவ்வொரு பதிவிலும் வரும். முதன்மைச் சொற்களின் பட்டியலை மறைவாக இடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பாவிப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

வேர்ட்பிரஸின் தேடல் பிளகின்கள் எழுத்தை மதிப்பிட்டுக் காட்டும் பச்சை, சிவப்பு விளக்குகளை நம்பித் தமிழில் எழுதக் கூடாது. "மட்டக்களப்பு" என்று முதன்மைச் சொல் கொடுத்தால், நீங்கள் இயல்பாக எழுதும் "மட்டக்களப்பில்", "மட்டக்களப்புக்கு", "மட்டக்களப்பிலிருந்து" எல்லாம் அதற்கு வேறு சொற்கள். பச்சை எரிய வேண்டுமென்று "மட்டக்களப்பு இல் தங்க மட்டக்களப்பு அறைகள்" என்று எழுதினால் வாசிப்பவர் அடுத்த நொடியே திரும்பிப் போவார். விளக்கை விட்டுவிடுங்கள். வருபவரிடம் கதைப்பதுபோல் எழுதுங்கள்.

முகவரி விடயத்தில் தமிழில் எழுதுபவர்களுக்கு இரு கருவிகளிலும் ஒரு பொறி உண்டு. பிளொக்கரில் தலைப்பைத் தமிழில் மட்டும் இட்டால், அது தமிழ் எழுத்தை நீக்கிவிட்டு வெறும் "பதிவு" என்ற பொருளில் ஓர் ஆங்கில முகவரியைத் தானே வைக்கும். அடுத்த பதிவுக்கும் அதே பெயர், பின்னால் ஓர் எண். வேர்ட்பிரஸ் தமிழை வைத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வோர் எழுத்துக் குறியையும் சதவீதக் குறியும் இலக்கமும் கலந்த ஒன்பது எழுத்தாக மாற்றும். முகவரிக்கு அது விட்டிருக்கும் இடம் 200 எழுத்து. ஆகவே இருபத்திரண்டு குறிகளோடு உங்கள் தலைப்பு சொல்லின் நடுவில் வெட்டப்படும். அந்த லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பினால் திரை முழுவதும் சதவீதக் குறிகள்தான். ஏதோ மோசடி லிங்க் என்று நினைத்துத் திறக்காதவர்களும் இருப்பார்கள். இரண்டிலும் தீர்வு ஒன்றே. வெளியிடும் முன்பு முகவரிப் பெட்டியைத் திறந்து, நாலைந்து ஆங்கிலச் சொல்லில் நீங்களே எழுதிவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

பாமினி எழுத்துரு இன்னொரு தடங்கல். அச்சகங்களிலும் பல அலுவலகங்களிலும் அது இன்னும் ஓடுகிறது. துண்டுப் பிரசுரத்துக்கு அடித்து வைத்த பாமினி வரிகளை அப்படியே தளத்தில் ஒட்டினால், கண்ணுக்கும் தேடுபொறிக்கும் தெரிவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு சிதறல்தான். ஒட்டும் முன் எல்லாக் கருவிகளும் வாசிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் உண்டு. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்த்து ஒற்றுக் கொம்பு பிழைகளைத் திருத்துங்கள்.

இனி எதை எழுதுவது என்பது. "மட்டக்களப்பில் பார்க்க வேண்டிய 10 இடங்கள்" என்று எழுதி, கல்லடிப் பாலத்தையும் பாடும் மீனையும் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையையும் வரிசையாக அடுக்கினால், பெரிய பயண நிறுவனங்களின் பக்கங்களோடும் விக்கிப்பீடியாவோடும் மோத வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஒரே இரவில் ஐம்பது பக்கம் உருவாக்கிப் போடுகிறவர்களுக்கும் அதே கதிதான். எந்தக் கருவியால் எழுதினாலும் தரவரிசைக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை எரிதமாகவே (ஸ்பேம்) கணிப்போம் என்று கூகுள் 2024 மார்ச்சில் விதியாக்கியது.

உங்களிடம் இருப்பதும் அவர்களிடம் இல்லாததும், வருபவர்கள் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள். உதயதேவி ரயிலில் வந்தால் பாசிக்குடாவுக்கு வாழைச்சேனையில் இறங்குவதா, கல்குடாவிலா? அங்கிருந்து முச்சக்கர வண்டி நியாயமாக எவ்வளவு கேட்கும்? பொத்துவிலுக்கு ரயில் இல்லையே, மொனராகலைப் பக்கமிருந்து வருபவர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது? உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் போகும் காட்டுப்பாதை இந்த வருடம் எப்போது திறக்கிறது? நவம்பரில் மழைக்குள் வந்தால் கடலில் இறங்கலாமா? இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், உங்கள் போனில் எடுத்த படத்தோடு. படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். நான்கைந்து எம்பி படம் பத்து இருந்தால் பக்கம் திறக்கும் முன் ஆள் போய்விடுவார். நெசவுக் குடும்பம் என்றால் சாயம் போகுமா, எப்படித் துவைப்பது, லண்டனுக்கு அனுப்ப எத்தனை நாள், விரும்பிய கரை வைத்து நெய்து தருவீர்களா என்பவை.

வருடாவருடம் வரும் விடயங்களுக்கு ஒரே பக்கத்தை வைத்துப் புதுப்பியுங்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வருபவர்களுக்கான தங்குமிடத் தகவல் நல்ல உதாரணம். ஆண்டுக்கொரு புதுப் பதிவு போட்டால் பழைய பதிவு சேர்த்து வைத்த பெறுமதி புதியதற்குக் கிடைக்காது. பிளொக்கரில் சாதாரணப் பதிவின் முகவரிக்குள் வருடமும் மாதமும் வரும். ஆகவே இதற்குப் பதிவைப் பாவிக்காமல் "பக்கம்" என்ற வகையைப் பாவியுங்கள். அதன் முகவரியில் திகதி இல்லை.

இயல்பான தேடலில் பலன் தெரியச் சில வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலம் ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை. ஏப்ரலில் எழுதத் தொடங்கியவருக்கு அந்தப் பருவம் கைக்கு எட்டாமலே போகலாம். வாடைமழைக்கு அறைகள் வெறுமையாகக் கிடக்கும் டிசம்பர், ஜனவரிதான் எழுதும் காலம்.

விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பருவத் தொடக்கத்தில் இரண்டு அறை வெறுமையாக இருக்கிறது, வார இறுதிக்குள் ஆள் வேண்டும் என்றால் பேஸ்புக்கில் சிறு தொகை போட்டுப் பதிவைத் தள்ளுவது சரியான வழி. பணம் முடிந்ததும் வருகை முடியும், அதைத் தெரிந்தே செய்யுங்கள். மாதாமாதம் அதற்குப் போகும் தொகையில் ஒரு மாதப் பங்கை ஒதுக்கினாலே டொமைன் வந்துவிடும்.

எப்போது வேர்ட்பிரஸுக்கு மாறுவது?

முதல் நாளே கூகுள் சேர்ச் கொன்சோலில் தளத்தை இணைத்து வையுங்கள். இலவசம். என்ன சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதைப் பதினாறு மாதம் வரை அது காட்டும். மூன்று, நான்கு மாதம் கழித்து அந்தப் பட்டியலை உட்கார்ந்து வாசியுங்கள். தோன்றுகிறது, யாரும் அழுத்துவதில்லை என்றால் தலைப்பையும் விளக்கத்தையும் மாற்றி எழுதுங்கள். ஆங்கிலக் கேள்விகள் தமிழைவிடக் கூடி வருகிறதா, விலையும் வெறுமை நாட்களும் கேட்டே பாதிப் பேர் வருகிறார்களா, சாரிக்கு மாதம் இருபது முப்பது ஓடர் வட்ஸ்அப்பில் எழுதி எழுதிக் கை வலிக்கிறதா, அப்போது வேர்ட்பிரஸுக்கு மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. ஹோஸ்டிங் வாடகையை அந்த ஓடர்களே கட்டும், கவனிக்க ஓர் ஆளை மாதச் சம்பளத்துக்கு அல்லது மகனையோ மகளையோ பொறுப்புக்கு வைக்கலாம்.

மாறுவது பெரிய வேலையல்ல. பிளொக்கரிலிருந்து எல்லாப் பதிவையும் ஒரே கோப்பாக இறக்கலாம், அதை உள்ளே எடுக்கும் கருவி வேர்ட்பிரஸில் உண்டு. கவனிக்க வேண்டியது முகவரிகளை. டொமைன் உங்களுடையது என்பதால் வேர்ட்பிரஸின் முகவரி அமைப்பையும் பிளொக்கரைப் போலவே வருடம், மாதம், பெயர், முடிவில் .html என்று வைக்க முடியும்; வேறு மாதிரி வைக்க விரும்பினால் பழைய ஒவ்வொரு முகவரியையும் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். பிளொக்கரின் "பக்கம்" வகை முகவரிகள் இந்த அமைப்புக்குள் வராது, அவற்றைக் கட்டாயம் கையால் திருப்ப வேண்டும். வேலையை ஒப்படைக்கும் முன் செய்பவரிடம் இந்த ஒன்றைக் கேளுங்கள்: "பழைய லிங்க் எல்லாம் திறக்குமா?" பணத்தின் கடைசிப் பங்கை, சேர்ச் கொன்சோலில் அதிகம் பேர் வந்த பத்துப் பக்கத்தின் பழைய முகவரிகளை உங்கள் போனில் நீங்களே திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.